ஊசித் துளையின் மறுபக்கம்

வரைபட அறையில் அவளுக்கு ஊசி என்றுதான் பெயர். வயதில் சிறியவர்கள் ஊசியக்கா என்பார்கள். அறையின் தலைவரான பெரியவர் மட்டும் வெறுமனே ஊசி என்பார். கடல் வரைபடங்களில் வாரந்தோறும் வரும் திருத்தங்களைக் கையால் ஏற்றுவது அவள் வேலை. எங்கோ ஒரு மிதவை இடம் மாறியிருக்கும். ஒரு விளக்கு அணைந்திருக்கும். அதை ஒளி ஊடுருவும் மெல்லிய தாளில் வரைந்து, அந்தத் தாளை வரைபடத்தின் மேல் பொருத்தி, உரிய இடத்தில் ஊசியால் ஒரு குத்து. பிறகு தாளை எடுத்துவிட்டு, விழுந்த துளையின் மேல் ஊதா மையில் குறி. இடது கீழ் மூலையில் திருத்தத்தின் எண், பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்து. இருபத்தாறு வருடமாக இதே வேலை. அந்த அறையில் ஒரு நாளைக்குப் பேசும் பேச்சைத் தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். அவளுக்கு அது பிடித்திருந்தது.

அவளுடைய தம்பி கடற்படை ரோந்துப் படகில் இயந்திரம் பார்ப்பவன். அந்தப் படகைத்தான், அதிலிருந்த ஒன்பது பேரோடு, பக்கத்து நாட்டுக் கப்பல் மறித்துப் பிடித்துக்கொண்டு போனது. பிடித்த இடம் இரண்டு நாடுகளும் தங்களுடையது என்று சொல்லும் கடல். வழக்கு தீரும்வரை இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் நான் என்று ஒரு தற்காலிகக் கோட்டை இரண்டு அரசுகளும் ஒப்புக்கொண்டிருந்தன. இரண்டு மாதத்துக்கு முன் கோட்டின் ஒரு மூலையை ஒன்றரை மைல் நகர்த்தியதும் இருவரும் சேர்ந்து செய்ததுதான்.

"எங்கள் படகு கோட்டைத் தாண்டவில்லை" என்றது இந்த அரசு. "வேண்டுமென்றே மூன்று மைல் தாண்டி வந்தார்கள், ஒற்றர்கள், வழக்கு நடத்துவோம்" என்றது அந்த அரசு. தூதர்கள் ஊர் திரும்பினார்கள். ஒருவர் ஒரு படி ஏறினால் மற்றவர் இரண்டு படி ஏறினார். இறங்கும் படி எங்கே என்று இருவருக்கும் தெரியவில்லை.

வீட்டில் அவளும் தம்பி மனைவியும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

"அண்ணி, இன்னைக்கும் அதே படத்தைத்தான் காட்டறான். ஒன்பது பேரும் சுவரோரமா நிக்கறாங்க. உங்க தம்பி மட்டும் கொட்டாவி விடறார்."

"பயந்தா அப்படித்தான் விடுவான். சின்ன வயசுலேருந்து."

"பயமா? என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பவும் விட்டாரே."

"அதான் சொல்றேன்."

தம்பி மனைவி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோய், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

படகு பிடிபட்ட பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை, வெளியுறவு அமைச்சகத்திலிருந்து ஓர் அதிகாரி வரைபட அறைக்கு வந்தார். கொளுத்துகிற வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். பேச்சுவார்த்தை மேஜையில் போட ஒரு சான்று வேண்டுமாம். படகில் இருந்த வரைபடத்தில், கோட்டின் நகர்ந்த மூலைப்புள்ளியைச் சரியாகத்தான் குறித்திருந்தோம் என்று காட்ட, அந்தத் திருத்தத் தாளைக் கொடுக்கச் சொன்னார்.

அவள் இழுப்பறையை ஆசையோடுதான் திறந்தாள். தம்பிக்காகத் தன் கையால் செய்யக்கூடிய காரியம் ஒன்று கடைசியில் வந்திருக்கிறது. உறையிலிருந்து தாளை எடுத்து மேஜையில் விரித்தாள். நெட்டாகத் தீர்க்கரேகைக் கோடு ஒன்று, குறுக்கே அட்சரேகைக் கோடு ஒன்று, நெட்டுக் கோட்டுக்கு மேற்கே மூலைப்புள்ளி. அதில் ஊசித் துளை. பழக்கத்தில் ஆள்காட்டி விரலை அதன் மேல் ஓட்டினாள்.

விரல் நின்றுவிட்டது.

ஊசி நுழைந்த பக்கம் தாள் குழியும். வெளியேறிய பக்கம் மணல்துகள் போலத் துருத்தும். வரைந்த பக்கம் வழவழப்பாக இருக்க வேண்டும். இங்கே வரைந்த பக்கம் துருத்திக்கொண்டிருந்தது. ஊசி பின்பக்கத்திலிருந்து நுழைந்திருக்கிறது. அப்படியென்றால் அன்று அவள் தாளைப் புரட்டி வைத்துக் குத்தியிருக்கிறாள்.

எழுந்து அலமாரிக்குப் போனாள். அந்தக் கடலுக்குக் கடற்படை வைத்திருந்த பிரதிகள் இரண்டே. ஒன்று படகோடு போனது, இன்னொன்று இங்கே. உருவி எடுத்துப் பார்த்தாள். நெட்டுக் கோட்டுக்கு மேற்கே இருக்க வேண்டிய மூலை, அதே ஒன்றரை மைல் தள்ளிக் கிழக்கே உட்கார்ந்திருந்தது, ஆக மூன்று மைல் பிசகு. அழகான குறி. இடது கீழ் மூலையில் அவளுடைய முதலெழுத்து.

அன்று நடந்தது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அளவுகோலுக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று, எழுத்து இருந்த ஓரத்தை மடித்து விட்டிருந்தாள். எழுத்து தெரிந்திருந்தால் தாள் புரண்டிருப்பது தெரிந்திருக்கும். கரையோ தீவோ இருந்திருந்தாலும் பொருந்தாமல் அதுவே கூவியிருக்கும். நடுக்கடலில் என்ன இருக்கிறது? இரண்டு கோடுகள். அவை எந்தப் பக்கம் புரட்டினாலும் பொருந்தும்.

தம்பியும் மற்ற எட்டுப் பேரும் வரைபடத்தை நம்பிப் போயிருக்கிறார்கள். ஒரு விரற்கடை பிசகாமல், அவள் குத்திய துளை வரை.

பெரியவரிடமும் கோட்டுக்காரரிடமும் சொன்னாள். தாளையும் வரைபடத்தையும் அருகருகே வைத்துக் காட்டினாள்.

கோட்டுக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "அம்மா, இதை வேற யாரும் பார்க்கல இல்லையா? தாளை நான் பையில போட்டுக்கறேன். பதினேழு நாளா தாண்டலை தாண்டலைன்னு சொல்லிட்டிருக்கோம். இப்ப போய் ஒத்துக்கிட்டா அந்தக் கடலையே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும்."

"அவங்க தாண்டலைங்க," என்றாள் அவள். "நான் தாண்ட வச்சேன்."

பெரியவர் பென்சிலின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் யோசிக்கும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் நிமிரமாட்டார். கடைசியில், "மொத்தம் எத்தனை பிரதி குத்தினே?" என்றார்.

"பன்னிரண்டுங்க. கடற்படைக்கு ரெண்டு. பாக்கி பத்தும் மீன்பிடிப் படகுகளுக்குப் போயாச்சு."

"அப்ப பத்துப் படகு இன்னைக்கும் இந்தப் படத்தை விரிச்சு வச்சிருக்கு." பென்சிலைக் கீழே வைத்தார். "வியாழக்கிழமை அறிக்கையில போட்டுடு."

வியாழக்கிழமை அறிக்கை என்பது அந்த வாரத் திருத்தங்களின் பட்டியல். எல்லா நாடுகளின் வரைபட அறைகளுக்கும் போகும், அங்கிருந்தும் வரும். தூதர்கள் ஊர் திரும்பினாலும் அறிக்கை நிற்பதில்லை. பாறைக்கு எந்த நாட்டுக் கப்பல் என்று பார்த்து மோதத் தெரியாதே. சொந்தப் பிழையைக் கண்டுபிடித்த அறை அடுத்த அறிக்கையிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். எழுதாத சட்டம், எழுதிய சட்டத்தைவிடக் கறார்.

"அமைச்சகத்தோட அனுமதி?" என்றார் கோட்டுக்காரர்.

"அறிக்கைக்கு அனுமதி கேட்கிற வழக்கம் இங்க கிடையாதுங்க," என்றார் பெரியவர். "அலை எங்களைக் கேட்டுக்கிட்டா அடிக்குது?"

கோட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், அவள் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். "படகுல உங்க தம்பி இருக்கார் இல்லையா?"

"ஆமாங்க."

"இதை வச்சே அந்த நாட்டுக்காரங்க ஒன்பது பேர் மேலயும் குற்றத்தை நிரூபிச்சிடலாம். அதுவும் தெரியும்ல?"

"தெரியுங்க."

அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். தாளை எடுக்கவில்லை. "இன்னைக்கு நான் வந்தப்ப நீங்க ரெண்டு பேரும் சாப்பிடப் போயிருந்தீங்க. கதவு பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை மறுபடி வரேன்." வாசலில் நின்று, கோட்டின் மேல் பொத்தானை மட்டும் கழற்றினார். பிறகு போனார்.

வீட்டுக்கு வந்து தம்பி மனைவியிடமும் சொன்னாள். சமையலறை வாசலில் நின்றபடியே, கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல்.

தம்பி மனைவி அடுப்பை அணைத்தாள்.

"அவர் ஏதோ குடிச்சுட்டுப் படகை அங்க விட்டுட்டாரோன்னுகூட நெனச்சேன், அண்ணி. வாய்விட்டுச் சொல்லலை. பதினேழு நாளா உள்ளுக்குள்ள அவரைத் திட்டிட்டே இருந்தேன்."

"என்னைத் திட்டு."

"நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது இல்ல?"

"தெரிஞ்சிருக்காது."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

தம்பி மனைவி அவள் தோளிலிருந்து பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "உக்காருங்க. சாப்பாடு ஆறிடும்," என்றாள். தட்டில் அன்று எப்போதையும்விட ஒரு கரண்டி கூட விழுந்தது. அந்த ஒரு கரண்டிக்கு அவள் எந்த நன்றியைச் சொல்வது? குனிந்து சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை அறிக்கை போயிற்று. முந்நூற்றுப் பதினேழாம் எண் வரைபடம். இவ்வறையில் கையால் ஏற்றிய மூலைப்புள்ளி, திருத்தத் தாள் புரண்டு பொருந்தியதால், நெட்டுக் கோட்டுக்குக் கிழக்கே விழுந்துள்ளது. மேற்கே இருக்க வேண்டும். பிழை இவ்வறையுடையது.

கடைசி வாக்கியம் படிவத்தில் இல்லாதது. பெரியவர் அதை அடிக்கவில்லை.

சனிக்கிழமைக்குள் பத்துப் படகுகளின் படங்களையும் வரவழைத்துத் திருத்தினாள். ஞாயிற்றுக்கிழமை அந்த நாட்டுச் செய்தித்தாள்கள் "ஒப்புக்கொண்டார்கள்" என்று கொட்டை எழுத்தில் போட்டன. இங்கே, வலியப் போய்த் தலையைக் கொடுத்தாயிற்று என்று பக்கத்து அறைகளில் முணுமுணுத்தார்கள். அவள் காதில் விழட்டும் என்றே சிலர் பேசினார்கள். திங்கள் போயிற்று. செவ்வாய் போயிற்று. ஊசியைப் பிடிக்கும்போதெல்லாம் தாளின் இரண்டு பக்கத்தையும் நாலு தடவை தடவிப் பார்த்தாள். வீட்டில் தம்பி மனைவி தொலைக்காட்சியைப் போடுவதையே விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்ன கோட்டுக்காரர் புதன்கிழமைதான் வந்தார். கோட்டு கையில் மடித்துக் கிடந்தது.

"அங்கேயும் உங்களை மாதிரி ஓர் ஆள் இருக்கார் போல," என்றபடி உட்கார்ந்தார். "அந்த ஊர் வரைபட அறையில. அறிக்கையைப் படிச்சுட்டு, பிடிச்சு வச்ச வரைபடத்தை நான் பார்க்கணும்னு கேட்டிருக்கார். அனுப்பலை. விசாரணை நடக்கிற அறைக்கே போய் வெளியில உக்காந்துட்டாராம், ரெண்டு நாள்."

அவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

"மூணாவது நாள் உள்ள விட்டிருக்காங்க. அதே திருத்தத்துக்கு அவங்க அறையில போட்ட தாளைக் கையோட கொண்டு போயிருக்கார். மேஜை விளக்கு ஒண்ணு கேட்டு வாங்கி, முதல்ல நேரா வச்சார். பொருந்தலை. அப்புறம் புரட்டி வச்சிருக்கார். அவரோட துளையும் உங்களோட துளையும் ஒண்ணா சேர்ந்து, வெளிச்சம் இந்தப் பக்கம் வந்துடுச்சாம். உக்காந்திருந்த தளபதிங்க எல்லாம் வரிசையா வந்து ஒத்தைக் கண்ணை வச்சுப் பார்த்தாங்களாம்." அவர் சிரித்தார். "இது ஒற்றர் வேலை இல்ல, எங்க தொழில்ல வர்ற பிழை, முப்பது வருஷத்துல நானே ரெண்டு தடவை பண்ணியிருக்கேன்னு சொன்னாராம். அத்தனை பேர் முன்னாடி."

"அவர் பேரு?" என்று கேட்டாள்.

"சொல்லலைங்க. பேரு விசாரிக்கிற இடமும் இல்ல அது."

பெரியவர் நாற்காலியைத் திருப்பி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். கைக்குட்டையை எடுத்தது முதுகுப்பக்கமிருந்து தெரிந்தது.

இறங்கும் படி இரண்டு பக்கத்துக்கும் ஒரே நாளில் கிடைத்துவிட்டது. தாண்டியது உண்மை என்பதால் அவர்கள் வென்றார்கள். வேண்டுமென்று தாண்டவில்லை என்பதால் இவர்கள் வென்றார்கள். வெற்றி அறிக்கைகள் இரண்டும் ஒரே நீளம். இருபத்தொன்பதாம் நாள் காலை ஒன்பது பேரும் அதே படகில் துறைமுகத்துக்குள் வந்தார்கள். தம்பி இளைத்திருந்தான். கரையில் நிற்கும் இருவரையும் பார்த்தான்; பார்த்ததும் வாயைப் பிளந்து பெரிதாக ஒரு கொட்டாவி விட்டான்.

"இப்ப எதுக்குப் பயம்?" என்றாள் தம்பி மனைவி, அழுதுகொண்டே.

"உன்னைப் பார்த்துத்தான்," என்றான் அவன். பிறகு அக்காவைப் பார்த்தான். செய்தி அவனுக்கும் தெரிந்திருந்தது. "துளை மட்டும் நல்லா வட்டமா இருந்துச்சுக்கா," என்றான். அதற்கு மேல் அதைப் பற்றி அவன் பேசவேயில்லை.

படகின் வரைபடங்கள் மறுநாள் அறைக்கு வந்தன. முந்நூற்றுப் பதினேழை விரித்தாள். கிழக்கே இருந்த அவளுடைய குறியின் மேல் மெல்லிய ஒரே கோடு. சுரண்டவில்லை, மை பூசி மறைக்கவில்லை. அடித்தது தெரிய வேண்டும், அடிபட்டதும் படிக்க முடிய வேண்டும் என்ற தொழில் முறைப்படி. மேற்கே, சரியான இடத்தில், புதிய துளை. அதன் மேல் சற்றே சிவப்பு கலந்த ஊதாக் குறி. இடது கீழ் மூலையில், அவளுடைய முதலெழுத்துக்குப் பக்கத்தில், அந்த ஊர் எழுத்தில் ஒரே ஓர் எழுத்து.

படகைத் திருப்பி அனுப்பும் முன் அந்த ஊர் வரைபட அறைக்காரர் திருத்தியிருக்கிறார். வீடு திரும்புகிறவர்கள் வழியில் மறுபடி தவறிவிடக் கூடாது என்று.

அந்தத் துளையை விரலால் தடவினாள். படத்தைப் புரட்டிப் பின்பக்கத்திலும் தடவினாள். பக்கத்து மேஜையில் யாரோ எதையோ கேட்டார்கள், அவளுக்குக் கேட்கவில்லை.

அறிக்கையில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் எதிரே, தகவல் எங்கிருந்து வந்தது என்று எழுத ஒரு கட்டம் உண்டு. அந்த வாரம் முந்நூற்றுப் பதினேழுக்கு எதிரே, "அண்டை நாட்டு வரைபட அறை, நன்றியுடன்" என்று எழுதிப் பெரியவரிடம் கொண்டுபோனாள்.

அவர் படித்தார். "நன்றின்னு போடற வழக்கம் இல்லையே."

"இல்லீங்க."

"போன தடவையும் படிவத்துல இல்லாத ஒரு வரியைப் போட்டே."

"ஆமாங்க."

அவர் பென்சிலைச் சீவினார். சீவிய பென்சிலையே மறுபடி சீவினார். பிறகு ஓரத்தில் தன் முதலெழுத்தைப் போட்டுத் தாளை நகர்த்தினார். "அவங்க பிரதியை மட்டும் நல்ல உறையில போடு. மழைக்காலம்."

உறையின் மேல் ஆள் பெயர் இல்லை, அறையின் முகவரிதான். அதையும் அச்சடித்த சீட்டாக ஒட்டாமல், அவளே கையால் எழுதினாள்.