தலைவரின் நெஞ்சுத் துடிப்பு

திருத்தணி வட்டத்திலேயே, வானத்திலிருந்து இருபத்தெட்டு செயற்கைக்கோள்கள் ஒரே நேரத்தில் உற்றுப் பார்க்கும் பெருமை பெற்ற ஒரே மனிதர், நெடுந்தூர மிதிவண்டிப் பேரவையின் நிறுவனத் தலைவர் தேசப்பன். பேரவையின் துண்டறிக்கையில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. உண்மையில் அந்த இருபத்தெட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது, அவருடைய விசைத்தறிக் கொட்டகையில் வேலை செய்யும் வேணுவை.

வழிகாட்டும் கருவி ஒன்றைத் தேர்ந்தெடுக்க தேசப்பனுக்கு எட்டு மாதம் பிடித்தது. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததை மூன்று வாரத்தில் முடித்தவர் அவர். செல்போன் கடை வைத்திருக்கும் பேரவைச் செயலாளர் பிரகாஷ், ஞாயிறுதோறும் வந்து ஒவ்வொரு கருவியின் குணநலன்களையும் வாசித்துக் காட்டுவான். தொடுதிரை வைத்தது வேண்டாம், வியர்த்த விரலுக்கு அது அசையாது. பொத்தான் வைத்தது நல்லது, ஆனால் பார்க்க ஏழைத்தனமாக இருக்கிறது. ஒன்றுக்கு பேட்டரி இருபது மணி நேரம்தான் நிற்கும். இன்னொன்று நாற்பது மணி நேரம் நிற்கும், ஆனால் வெயிலில் திரை தெரியாது. வேறொன்று எல்லாவற்றிலும் தேறியது. அதன் வரைபடத்தில் முருகன் கோயில் இருந்தது, ரயில் நிலையம் இருந்தது, தேசப்பனின் கொட்டகை இல்லை. அதையும் தள்ளிவிட்டார். கடைசியில், அறுநூறு கிராம் தங்கத்தை வாங்குவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, நூறு கிராம்கூட எடையில்லாத ஒன்றை வாங்கினார். சிக்னல் இல்லாத காட்டிலும் வழி சொல்லுமாம். தேசப்பன் சிக்னல் இல்லாத காட்டுக்குப் போனதில்லை. திருமணமான புதிதில் ஊட்டிக்குப் போனதுதான்.

கருவி வந்த ஞாயிற்றுக்கிழமை அதைப் புதுச் சைக்கிளில் பொருத்தி, காரில் ஏற்றி மலைமேல் கொண்டுபோய்ப் பூஜை போட்டார். மாலையில் அரக்கோணம் சாலையில் நாலு கிலோமீட்டர் ஓட்டினார். திரும்பி வந்தது ஷேர் ஆட்டோவில். கருவி அதையும் சேர்த்துப் பதிவுசெய்து, உங்கள் உச்ச வேகம் நாற்பத்தேழு என்று பாராட்டியது. அந்தப் பாராட்டில்தான் தேசப்பனுக்கு யோசனை பிறந்தது.

"நீ எப்படியும் கே.ஜி.கண்டிகையிலேர்ந்து சைக்கிள்லதான வந்துகினு இருக்கிற? சும்மா வர்றதுக்கு இத மாட்டிக்கினு வாடா" என்று மறுநாளே வேணுவிடம் கொடுத்துவிட்டார்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளும் சேர்ந்துகொண்டன. புதுச் சைக்கிளையே வேணுவிடம் கொடுத்தார். வேணு சோளிங்கர் போனான், திருப்பதி போனான், காளஹஸ்தி போய் அன்றே திரும்பினான். அவனுக்கு இது பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முப்பத்தெட்டு வயதுவரை தறிச் சத்தத்துக்கு வெளியே எங்கும் போகாதவன். திருவாலங்காட்டுப் பக்கம் கருவி அவனைக் கரும்புத் தோட்டத்து வண்டிப் பாதையில் இறக்கிவிட்டு, இதுதான் சாலை என்று சாதித்தது. அதற்குப் பிறகு, பெரிய ஊர்களுக்குக் கருவியையும் சின்ன ஊர்களுக்கு டீக்கடைக்காரரையும் நம்புவது என்று பழகிக்கொண்டான். எட்டு மாத ஆராய்ச்சியில் பிரகாஷுக்குக் கிடைக்காத முடிவு அது.

மாலையில் கருவியைத் தலைவர் வீட்டில் ஒப்படைத்துவிடுவான். பிரகாஷ் அதில் பதிவான பாதைக் கோடுகளை எடுத்துத் தலைவர் பெயரில் பேரவையின் வாட்ஸ்அப் குழுவில் போடுவான். ஆரம்பத்தில் ஒருமுறை பிரகாஷுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. தேசப்பன் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"கோயில்ல அர்ச்சனை பண்றது யாரு?"

"ஐயருங்க."

"பேரு, நட்சத்திரம் யாருது?"

"நம்முளுதுங்க."

"அப்போ புண்ணியம் ஐயருக்கா போவுது?"

பேரவையில் இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. கருவிக்குள் தேசப்பனின் பெயர், வயது ஐம்பத்துநாலு, எடை தொண்ணூற்றிரண்டு என்று எல்லாம் எழுதியிருந்தது. ஐம்பது கிலோ வேணு ஏற்றத்தில் மிதிக்கும்போதெல்லாம், தொண்ணூற்றிரண்டு கிலோ மனிதருக்கு எவ்வளவு கொழுப்பு கரையுமோ அவ்வளவையும் அது தேசப்பன் கணக்கில் கரைத்தது.

நாலாவது மாதம் நெஞ்சில் கட்டும் பட்டை ஒன்று வந்தது. துடிப்பை எண்ணிக் கருவிக்கு அனுப்புமாம். வேணு அதைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டான். உப்புப் பூத்து விறைத்துப்போகும் பட்டையை இரவு அலசிக் காயப்போடும் வேலை அவன் மனைவி புவனாவுக்கு வந்தது. ஓய்வில் நிமிடத்துக்கு நாற்பத்தொன்பது துடிப்பு என்று ஒரு தாள் அச்சாகி, சட்டம் போட்டுத் தலைவர் வீட்டுக் கூடத்தில் மாட்டப்பட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் தேசப்பன் அதைக் காட்டினார். இந்த வயதில் இப்படி ஒரு நெஞ்சு லட்சத்தில் ஒருத்தருக்குத்தான் அமையும் என்றான் பிரகாஷ். தேசப்பன் அடக்கமாகச் சிரித்தார்.

புவனாவுக்கு அதைக் கேட்டபோதே எரிந்தது. "காலு ஓட்டுனது அவரு கணக்குன்னாங்க, சரின்னு வுட்டுட்டேன். நெஞ்சுமா பாவா?" என்றாள். அத்தை மகன் என்பதால் கல்யாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவளுக்கு அவன் பாவாதான்.

"எழுதிக்கினு போறாரு. துடிக்கிறது இங்கதான துடிக்குது" என்றான் வேணு.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகரி தாண்டிப் புத்தூர் போகும் ஏற்றத்தில், வேணுவின் நெஞ்சு திடீரென்று கட்டறுத்துக்கொண்டு ஓடியது. கண் இருட்டியது. சைக்கிளைப் போட்டுவிட்டுப் புளியமரத்தடியில் படுத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில், யாரோ சுவிட்சை அணைத்தமாதிரி அது தானே நின்று பழைய நிதானத்துக்கு வந்தது. மெதுவாகத் திரும்பி வந்து தலைவரிடம் சொன்னான். தலைவர் கருவியில் விழுந்திருந்த பாதைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு நிமிசம் கோடு ஒரே எடத்துல நிக்குதேடா. பாக்கறவங்க என்னப் பத்தி இன்னா நெனைப்பாங்க?"

இதற்கிடையில் ஒரு சின்னச் சிக்கல். ஆறாயிரம் கிலோமீட்டர் ஓட்டியும் தேசப்பனின் சர்க்கரை இறங்கவில்லை. மருத்துவர் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். தன்மேல் சந்தேகம் விழுந்ததைப் பொறுக்காத தேசப்பன், பிரகாஷ் அச்சிட்டுக் கொடுத்த கடைசி மூன்று மாதத்துத் துடிப்புத் தாள்களையும் அடுக்கிக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தார். புரட்டிக்கொண்டே வந்த மருத்துவரின் விரல் ஒரு தாளில் நின்றது. பன்னிரண்டு நிமிடம், இருநூற்றுப் பன்னிரண்டு துடிப்பு.

"இது எப்ப வந்தது? மயக்கம் இருந்ததா?"

அறையில் இருந்தது இரண்டே பேர். உண்மையைச் சொல்ல அதைவிட வசதியான இடம் ஒரு மனிதனுக்கு அமையாது. தேசப்பன் கொஞ்சம் யோசித்தார்.

"லேசா இருந்துதுங்க" என்றார்.

சென்னையில் பெரிய மருத்துவமனையில் நாலு நாள் வைத்திருந்தார்கள். மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். நெஞ்சில் பத்து இடத்தில் கம்பி ஒட்டி நடக்கவிட்டார்கள். தேசப்பனின் இதயத்தில் எந்தக் குறையும் அகப்படவில்லை. பேரவை மலையில் பால் அபிஷேகம் செய்தது. அவர் திரும்பி வந்த அன்று, இதயம் வென்ற ஏந்தலே வருக என்று கடைத்தெருவில் பேனர் நின்றது.

வேணு இதை வீட்டில் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். "எனக்கு வந்துதே நகரியாண்ட, அதுக்கு அவருக்கு வைத்தியம் பாத்துகினு இருந்தாங்களாம்."

புவனா சிரிக்கவில்லை. மறுநாளே அவனை அரசு மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்த இளம் டாக்டர் பொறுமையாக எல்லாம் கேட்டு, நெஞ்சில் கம்பி ஒட்டித் தாள் எடுத்துப் பார்த்தார். இப்போது நன்றாகத்தான் இருக்கிறது, அந்தப் படபடப்பு வரும் நேரத்தில் எடுத்த தாள் ஏதாவது இருந்தால் நோயை உடனே பிடித்துவிடலாம் என்றார். அதுவரை சைக்கிளைத் தொடக் கூடாது என்று இரண்டுமுறை சொல்லி அனுப்பினார்.

"சனிக்கிழம ஆறுபடை வீடு கெளம்பணும்" என்றான் வேணு, வெளியே வந்ததும். தலைவர் ஆறு முருகன் கோயில்களையும் மிதிவண்டியில் சுற்றி வரப்போவதாகப் பேனர் அடித்தாகிவிட்டது. தலைவர் காரில் வந்து ஒவ்வொரு கோயில் வாசலிலும் மாலை வாங்கிக்கொள்வார். நடுவில் இருக்கும் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் வேணுவுடையது. "இப்ப முடியாதுன்னா தறிலேர்ந்து எறக்கிடுவாரு."

"வழியில நீ செத்துட்டா, செத்தது யாருன்னு அந்த மிஷினு சொல்லும்?"



அன்று மாலையே அவனையும் கூட்டிக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனாள். கூடத்தில் தேசப்பன் திவானில் சாய்ந்திருந்தார். மணிக்கட்டில் சின்னக் கட்டு. பிரகாஷையும் சேர்த்துப் பேரவை உறுப்பினர்கள் ஆறு பேர், தட்டு நிறைய ஆப்பிள், சாத்துக்குடி, தட்டுக்கு அடியில் அந்தத் துடிப்புத் தாள்களோடு சென்னை மருத்துவமனைக் கோப்பு. அவர் மனைவி தாயம்மாள் எல்லாருக்கும் மோர் கொடுத்துக்கொண்டிருந்தாள். வேணு செருப்பு விடும் இடத்தோடு நின்றுவிட்டான்.

"அந்த நகரித் தாளு வேணும்ணா" என்றாள் புவனா. "டாக்டரு கேக்கறாரு."

"எந்தத் தாளும்மா?"

"இருநூத்திப் பன்னெண்டு துடிச்ச தாளு. இவருக்கு வந்ததுல்ல, அது."

யாரோ மோர் டம்ளரைக் கீழே வைத்தார்கள். பிரகாஷ் தொண்டையைச் செருமினான்.

"மிஷின்ல பேரு தலைவரு பேருதாம்மா இருக்குது."

"புண்ணியம்தான் பேருக்காரருக்குன்னு சொன்னீங்க. நோவும் பேருக்காரருக்கா? நாலு நாளு தேடுனாங்களே மெட்ராஸ்ல, கெடைச்சிதா?"

தேசப்பன் கோபப்படவில்லை. அவர் வாசலைப் பார்த்து, அன்பான குரலில் கூப்பிட்டார்.

"வேணு, நீயே சொல்லுடா. அன்னிக்கி ஓட்டுனது யாரு?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வேணு சட்டை முனையைக் கசக்கிக்கொண்டிருந்தான். பதினாறு வருடமாக அந்தக் கொட்டகையில் தறிக்குப் பாவு நூல் ஏற்றி இறக்கிய விரல்கள்.

"நீங்கதாங்க" என்றான்.

புவனா அவனைப் பார்க்கவில்லை. பையைத் திறந்து, காலையில் கொடியிலிருந்து எடுத்த நெஞ்சுப் பட்டையை எடுத்து ஆப்பிள் தட்டின் பக்கத்தில் வைத்தாள்.

"சரி. அவரு சொல்லிட்டாரு. அப்போ இது ஒங்குளுது. கட்டிக் காட்டுங்க, தாளு கேக்காம போயிடறேன்."

"இன்னா பேச்சு இது?" என்று எழுந்தான் பிரகாஷ். அதற்குள் தாயம்மாள் மோர்ச் சொம்பை ஓரமாக வைத்துவிட்டு வந்து பட்டையை எடுத்தாள். இரண்டு முனையையும் பிடித்து, ஜாக்கெட்டுக்குத் துணி பார்ப்பதுபோல் இழுத்துப் பார்த்தாள். இத்தனை மாதமாக ஞாயிறுதோறும் பதினொரு மணிவரை தூங்கும் நெடுந்தூர மிதிவண்டி வீரருக்கு இட்லி எடுத்து வைத்தவள் அவள்.

"கைய தூக்குங்க."

"ஏய், வந்தவங்க எதிர்ல..."

"தூக்குங்கறேன்."

தேசப்பன் உறுப்பினர்களைப் பார்த்தார். சரண்டரானவனைப்போல் இரண்டு கையும் மெல்ல மேலே போயின. தாயம்மாள் பனியனுக்கு மேலாகப் பட்டையை முதுகுப்பக்கம் கொடுத்து முன்னால் வாங்கினாள். கொக்கியைக் கடைசிவரை தளர்த்தினாள். இழுத்தால் நீளும் பட்டைதான், இழுத்தாள். மூச்சை விடச் சொன்னாள். விட்டார். ஆறு பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததால், ஆப்பிள் தட்டுக்கு அடியில் இருந்த மருத்துவமனைக் கோப்பைப் புவனா உருவியதை யாரும் கவனிக்கவில்லை.

பட்டை ஒரு சாண் போதவில்லை.