பலகையை நம்பிப் போன சப்பரம்

சப்பரம் கோயில் வாசலில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். புனித ரோக்கேயின் திருவிழாப் பவனி என்றைக்கும் அப்படித்தான் போகும். ஃபாதர் தெர்யோ இடப்பக்கம் கையைக் காட்டினார். இடப்பக்கம் ஆற்றங்கரைக்குப் போகும் புதுச் சாலை. சாலை என்றால், சாலை என்று எழுதிய பலகை. அதில் அதிபர் பெயர், அவர் மனைவி பெயர், எங்கள் மேயர் பெயர் எல்லாம் கொட்டை எழுத்தில் இருந்தன. ‘பணி நிறைவுற்றது’ என்றும் இருந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் எருமைகள் புரளும் சேறு. அந்தச் சாலைக்கு மேற்பார்வையாளர் என் கணவர் போல்டிங்.

வருஷக்கணக்காகக் காத்திருந்து, இந்த ஆண்டுதான் திருவிழாவை எடுத்து நடத்தும் முறை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. புனிதருக்குக் கருஞ்சிவப்பு வெல்வெட் அங்கி, ஓரமெல்லாம் தங்க இழை, நானே கண் நோகத் தைத்தது. ஊருக்கே எங்கள் வீட்டில் சாப்பாடு. இதிலா இந்த மனிதர் விளையாட வேண்டும்? ஞாயிறு தவறாமல் பிரசங்கத்தில் மேயரை வறுத்தெடுப்பது போதாதா? ராணுவச் சட்டம் வந்த பிறகு வாய் திறந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று அவருக்குத் தெரியாதா? அவருக்குப் பெண்டாட்டியா, பிள்ளையா! மாட்டிக்கொண்டு முழிப்பது நாங்கள்தானே.

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

“ஃபாதர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், திருப்புங்க. சேத்துல எறங்கிடும்.”

“எப்படி எறங்கும், பூரிங்கம்மா? ரோடு போட்டாச்சுன்னு எழுதியிருக்கே. உங்க வீட்டுக்காரர்தானே நின்னு போட்டாரு?”

சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பலகையைத் தாண்டியதும் முன்சக்கரங்கள் அச்சுவரை புதைந்தன. புனிதர் முன்னால் சாய்ந்தார். அவர் காலடியிலிருந்த, மரத்தில் செதுக்கிய நாய் கழன்று சேற்றில் விழுந்தது. வாத்தியம் நின்றது. ஃபாதர் வெள்ளை உடையோடு இறங்கிச் சக்கரத்துக்குத் தோள் கொடுத்தார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு பலகையைப் பார்த்துப் பார்த்து ஊரே சிரித்தது. பயந்து பயந்து கிடந்த ஊர் அப்படிச் சிரித்துக் கேட்டு எவ்வளவோ காலமாயிற்று. எனக்கு மட்டும் அழுகை வந்தது.

சிப்பாய்களின் ஜீப்பும் பலகையோடு நின்றுவிட்டது. பூட்ஸைச் சேற்றிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி நடந்து வந்தார்கள். அனுமதியில்லாத பாதையில் கூட்டம் கூட்டினாராம். ஃபாதர் நாயைத் தன் உடையில் துடைத்து என் கையில் கொடுத்தார்.

“பன்னிக்கறி ஆறிடப் போகுது. சனங்களுக்குப் போடுங்க.”

அதைச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார். போகிறவர் இதையா சொல்வார்!

புனிதரைக் கை மாற்றித் தூக்கி எங்கள் வீட்டு முற்றத்தில் இறக்கினோம். அங்கியைக் கழற்றினேன். பாதி சேறு.

உள்ளே மேயர் பழைய சாலை வழியாகக் காரில் முன்பே வந்து, சுட்ட பன்றியின் மொறுமொறுத் தோலைக் கடித்துக்கொண்டிருந்தார். போல்டிங் தோளில் துண்டோடு பக்கத்தில் நின்று பீர் ஊற்றினார். சுற்றிலும் நாற்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“பூரிங், காலைல ராணுவக் கேப்டன் வந்து கேப்பாரு,” என்றார் மேயர். “சப்பரத்துச் சக்கரம் உளுத்துப் போச்சு, தெரிஞ்சேதான் பாதிரி இழுத்துட்டுப் போனாருன்னு சொல்லிடு. ரோட்டைப் பத்திப் பேச்சே வேணாம். போல்டிங்குக்கும் ஒரு கொறையும் வராது. இல்லேன்னா, ரோட்டுக் காசை யாரு தின்னான்னு கேக்கத்தான் செய்வாங்க. வேலை முடிஞ்சுதுன்னு போட்ட கையெழுத்து அவனோடதாச்சே.”

போல்டிங் என்னைப் பார்த்தார். அந்தக் கையெழுத்தைப் போட்ட அன்று அவர் சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தது எனக்குத்தான் தெரியும். இவர்கள் எல்லோர் மேலும் எரிச்சலாக வந்தது. தின்றவர் மேல், கையெழுத்துப் போட்டவர் மேல், சிரித்துக்கொண்டே ஜெயிலுக்குப் போனவர் மேல். எல்லாக் கூத்துக்கும் கடைசியில் நானா பொய் சொல்ல வேண்டும்?

அங்கியைக் கொண்டுபோய் மேயரின் தட்டுக்குப் பக்கத்தில், வெள்ளை விரிப்பின் மேல் போட்டேன்.

“அது காலைல பாத்துக்கலாம். மொதல்ல இதுக்கொரு வழி சொல்லுங்க. இந்தச் சேறு எந்த சோப்புக்குப் போகும்?”

மேயர் மெல்லுவதை நிறுத்தினார். ஜன்னலில் தட்டும் கையுமாக நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வெல்வெட்டிலிருந்து சேற்றுநீர் கசிந்து, விரிப்பில் மெல்லப் பரவி, மேயரின் தட்டை நோக்கிப் போனது. போல்டிங்கின் கை தோளிலிருந்த துண்டுவரை போயிற்று. அங்கேயே நின்றது.