முப்பத்திரண்டு பக்க இசைத்தட்டு

கிளாரினெட்காரர் கஸ்பார் 1957-இல் ஒரு வறண்ட கிணற்றின் அடியில் தன்னந்தனியாக உட்கார்ந்து வாசித்ததில் உருவான இசைத்தட்டுக்கு முப்பத்திரண்டு பக்கங்கள் இருந்தன. கனம் என்னவோ மற்றத் தட்டுகள் அளவுதான். புரட்டினால் இரண்டாம் பக்கம். மறுபடி புரட்டினால் முதல் பக்கம் வராது, மூன்றாவது வரும். திண்டுக்கல்லில் மைக்செட் வைத்திருந்த சேக் பரீதிடம் அதைப் பற்றிக் கேட்டால், "ஊசி தேயாம இருந்தாச் சரி" என்பதோடு முடித்துக்கொள்வார்.

கஸ்பார் கிணற்றில் இறங்கியது மனைவி ஆனந்தமேரியால். அவள் அப்பா பாஸ்கல், பூட்டுப் பட்டறைக்காரர், செத்துப்போனார். சவ ஊர்வலத்துக்கு முன்னால் துக்க கீதம் ஊதிப்போன மருமகன் கஸ்பார், கடைவீதித் திருப்பத்தில் திடீரென்று நையாண்டி மேளத்து மெட்டுக்குத் தாவிவிட்டார். பெட்டி தூக்கியவர்கள் முதலில் தோளைக் குலுக்கினார்கள், அப்புறம் காலைப் போட்டார்கள். மணியடிக்கும் கோயில்பிள்ளை சிலுவையோடு சுழன்று ஆட, ஊர்வலம் கல்லறையைத் தாண்டிக் கால் மைல் போய்த்தான் திரும்பியது. "எங்கப்பாவ ஆட்டம் போட்டா அடக்கம் பண்ணுவீக?" என்று ஆனந்தமேரி தலையில் அடித்துக்கொண்டாள். "அவருதான் வாசிக்கச் சொன்னாரு, மேரி" என்றார் கஸ்பார். செத்தவர் மேலேயே பழியா! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே துணிமூட்டையோடு சின்னாளப்பட்டியில் அக்காள் வீட்டுக்குப் போய்த் தறிக்குத் தார் சுற்ற உட்கார்ந்துவிட்டாள்.

கஸ்பார் இனி யார் காதையும் கெடுப்பதில்லை என்று கிளாரினெட், ஆர்மோனியம், டோலக்கு சகிதம் எரியோட்டு உடையப்பன் தோட்டத்துக் கிணற்றில் இறங்கினார். மேரி வந்து கூப்பிட்டால்தான் ஏறுவாராம். உடையப்பன் வாளியில் கஞ்சி இறக்கினார். சட்டிக்கு மூடியாக சேக் பரீது கொடுத்த, வழுவழுவென்று தேய்ந்துபோன பழைய இசைத்தட்டு ஒன்றைப் போட்டிருந்தார். ஒரு வருசம் இறங்கி ஏறியதில் அதில் புதிதாக வரி விழுந்திருந்தது. சேக் பரீது அதைத் திரும்ப வாங்கிப்போய் விசேஷ வீடுகளில் போட்டார்.

முதல் பக்கம் கோயில் பாட்டு, இரண்டாவது ஒப்பாரி, அடுத்தது கும்மி, அதற்கடுத்து வெள்ளைக்காரன் பட்டாள பேண்டு. பேண்டுக்கு வண்டிமாடுகள் கால் மாறாமல் நடந்தன. ஒப்பாரிக்கு வெங்காய மண்டியே அழுதது. வெங்காயத்தால் வந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பாலசமுத்திரத்தில் ஒரு கல்யாணம் ஆறு நாள் ஓடியது. கிளம்புகிறவர்களை எல்லாம் மாப்பிள்ளையின் மாமா, "இன்னொரு பக்கம் இருக்குதுங்க, இருந்து கேட்டுட்டுப் போங்க" என்று கையைப் பிடித்து உட்கார்த்தி வைத்தார். எது கடைசி என்று யாருக்கும் தெரியவில்லை.

சின்னாளப்பட்டிக் காதுகுத்துக்கும் அந்தத் தட்டு வந்தது. ஆனந்தமேரி காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள்; பஞ்சு தாளம் போட்டது. முப்பதாம் பக்கத்தில் பொறுக்கமாட்டாமல் பந்தலுக்கே வந்து, "ஏ பாய், நிப்பாட்டுறீகளா, இல்ல மைக்செட்டுக் குழாய ஒடைக்கவா?" என்றாள்.

"செத்த பொறு ஆத்தா, இந்த ஒண்ணோட நிறுத்திர்றேன்" என்று சேக் பரீது புரட்டிப் போட்டார்.

அந்தப் பக்கத்தில் கிளாரினெட் இல்லை, ஆர்மோனியம் இல்லை. சின்னச் சுத்தியல் ஒன்று மட்டும் தட்டியது. டக்கு டக்கு டக். பிறகு உஃப் என்று அரத்தூள் ஊதும் சத்தம். மறுபடி டக்கு டக்கு டக். இருபத்தைந்து வருசம் அந்தச் சத்தத்தில் தூங்கி எழுந்தவள் அவள். பெட்டிக்குள் இருந்து அப்பா தட்டிய தாளத்துக்குத்தான் கஸ்பார் அன்றைக்கு ஊதியிருக்கிறார். கிணற்றில் ஏது சுத்தியல்? ஆனந்தமேரி அந்த மைக்செட்டுக் குழாயடியிலேயே உட்கார்ந்து அழுதாள், நடுவில் சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது.

அடுத்த பஸ்ஸிலேயே எரியோட்டுக்குப் போய்க் கிணற்றில் குனிந்து கத்தினாள்: "ஏங்க, அம்புட்டும் கேட்டுட்டேன். போதும், மேல வாங்க, சோறு ஆறுது!"

கஸ்பார் ஏறி வந்தார். "அப்பா வேற எதுவும் சொன்னாரா?" என்று கேட்டாள். "இன்னுங் கொஞ்சம் வெரசா ஊதச் சொன்னாரு" என்றார்.

தட்டு சின்னாளப்பட்டியில் இருந்தும், அவள் கத்தியது அதில் முப்பத்திரண்டாம் பக்கமாகப் பதிந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு புரட்டினால் முதல் பக்கம்தான். ஆகவே அந்த வட்டாரத்துக் கல்யாணங்களில் "சோறு ஆறுது" கேட்டதும் சனம் கைகழுவிச் செருப்பைத் தேடி வீட்டுக்குக் கிளம்பியது. ஆனந்தமேரி மட்டும் வீட்டில் அதையும் கேட்டு முடித்துவிட்டு அப்பா பக்கத்தை இன்னொரு தரம் போடச் சொல்வாள். கஸ்பார் முணுமுணுக்காமல் முப்பத்தொரு தடவை புரட்டிப் போடுவார்.