பத்து மீட்டர்

1

9 பிப்ரவரி 2000, புதன். நேற்றைய பதிவில் ஒரு சின்னத் தவறு. பியாட்ரிஸ் அக்கா இரண்டாம் இடத்தைத் தவறவிட்டது ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடியில் என்று எழுதியிருக்கிறேன். ஒரு நிமிடம் இருபத்தொன்று என்பதுதான் சரி. இலக்கங்கள் இடம் மாறிவிட்டன. பீன்யா தொழிற்பேட்டையில் என் வேலையே அளவு சரிபார்ப்பது. நூலளவு பிசகிய இரும்புத் தண்டைக்கூடத் திருப்பி அனுப்புகிறவன் நான்.

இந்தக் கதை பிறந்தது அந்தத் திருத்தத்தில். சரியான எண்ணைத் தேடி அவளுடைய பயிற்சி நோட்டைப் புரட்டினேன். பதினான்காம் பக்கத்தில், என் கையெழுத்தில்: "சைக்கிளில் முன்னால் போகிறவருக்கும் நமக்கும் நடுவே பத்து மீட்டர் விட வேண்டும். நெருங்கினால் தண்டனை."

இதுவும் தவறு. இது சின்னதா என்று தெரியவில்லை. [தெரிந்திருந்தால் கதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.]

2

தொடக்கம், முதல் முயற்சி: "அல்சூர் ஏரியின்மேல் பனி மெல்ல..." வேண்டாம். அவள் அந்த ஏரியில் ஒருநாளும் நீந்தியதில்லை.

இரண்டாவது: "வெற்றி என்பது..." என்பது என்னவென்று எனக்குத் தெரியாது.

மூன்றாவது. பியாட்ரிஸுக்கு இருபத்தொன்பது வயது. பிரேசர் டவுனில் எங்கள் எதிர்வீடு. பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். எட்டு வருஷமாக டிரையத்லானில் நீளப் போட்டிக்காரி: ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நீச்சல், கரையேறி நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள், இறங்கி நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில், ஒரே மூச்சில்.

நீளப் போட்டியில் ஒருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டக் கூடாது. முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்ள, பின்னால் வருகிறவர் சுகமாக வந்துவிடுவார். அதற்குத்தான் பத்து மீட்டர். ஒலிம்பிக்கிலோ, இந்த வருஷம் சிட்னியில்தான் டிரையத்லான் முதல்முறையாக வருகிறது. அங்கே தூரம் குறைவு: ஒன்றரை, நாற்பது, பத்து. விதியும் தலைகீழ். அங்கே ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிக்கொள்ளாதவர் காற்றிலேயே களைத்துத் தோற்பார்.

சிட்னிக்கான தேர்வுக்கு அக்கா பெயர் கொடுத்தாள். விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. "நீ படிச்சுட்டு முக்கியமானதை மட்டும் தமிழ்ல எழுதிக் குடுடா, கிஷோர்" என்றாள். அந்தப் புத்தகத்தில் இரண்டு பகுதிகள். நான் எழுதிக் கொடுத்தது நீளப் போட்டிப் பகுதியிலிருந்து.

3

(இந்தப் பகுதியில் நான் இல்லை. கதை எழுதக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் வைத்தீஸ்வரன் சார் என் போன கதையின் ஓரத்தில், கதைக்குள் எழுதுகிறவன் அடிக்கடி எட்டிப் பார்க்கிறான் என்று குறித்திருந்தார். அவருக்காக ஒரு பகுதி முழுக்க எட்டிப் பார்க்காமல் இருக்க முயல்கிறேன்.)

ஜனவரி 23, ஓசூர்ப் பக்கத்து அணையில் தேர்வுப் போட்டி. முதல் இரண்டு பேர் ஆசியப் போட்டிக்குப் போவார்கள். அங்கே நல்ல இடம் பிடித்தால்தான் சிட்னி. பியாட்ரிஸ் தண்ணீரிலிருந்து மூன்றாவதாக எழுந்தாள். முன்னால் இரண்டே பெண்கள், கைக்கெட்டும் தூரத்தில்.

அத்திபெலே நோக்கிய சாலையில் எதிர்காற்று. முன்னால் இருவரும் சக்கரத்தோடு சக்கரமாகப் போனார்கள். அவளுடைய முன்சக்கரம் அவர்களை நெருங்கியதும் காற்று சட்டென்று நின்றது, யாரோ கதவைச் சாத்தியதைப் போல. கால்கள் லேசாயின. அடுத்தவர் டிபன் பாக்ஸில் கைவைத்தவளைப் போல அவள் கூசினாள். விரல் பிரேக்கை அழுத்தியது. மூன்று மீட்டர், ஆறு, பத்து. காற்று திரும்ப வந்து நெஞ்சில் மோதியது. இது பழகிய காற்று.

சாலையோரம் மொபெட்டில் உட்கார்ந்திருந்த மஞ்சுநாத், அவளுக்குச் சைக்கிள் பழுது பார்த்துத் தருகிறவர், கையை ஆட்டிக் கத்தினார்: "அண்ட்டிகோ, பியா. அண்ட்டிகோ."

ஒட்டிக்கொள் என்று கன்னடத்தில் சொன்னார். அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பின்தங்கினாள்.

(நான் அப்போது அணைக்கரையில் ஸ்டாப்வாட்சோடு நின்றிருந்தேன். காற்று, டிபன் பாக்ஸ், கூச்சம் எல்லாம் பீன்யா பஸ்ஸில் உட்கார்ந்து நான் எழுதியவை. மஞ்சுநாத் கத்தியதும் அவள் பார்த்ததும் உண்மை. இருவருமே சொன்னார்கள்.)

4

போட்டி முடிந்ததும் மஞ்சுநாத் அவளிடம் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. டயரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "காத்தைத் தள்ளுறதுக்கு இஷ்டம்னா பாத்ரூம்ல ஒரு ஃபேன் வெச்சுக்கோம்மா. இவ்ளோ தூரம் யாக்கே, ஏன் வந்தே?"

அவள் சிரித்தாள். பஸ்ஸில் சிரிப்பு இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, பழக்கம்தான் காரணம் என்றாள். பொம்மனஹள்ளி தாண்டியதும் வேறொன்று சொன்னாள்.

"அண்டிக்கோ அண்டிக்கோன்னாருடா. கன்னடம் எனக்குத் தெரியாதா? ஆனா அந்த நேரத்துல காதுல தமிழாத்தான் விழுந்துச்சு. அண்டிப் பொழைச்சுக்கோன்னு. நான் இதுவரைக்கும் யாரை அண்டினேன்?"

அப்போது நோட்டின் ஞாபகமே எனக்கு வரவில்லை. [வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.]

கடைசித் தேர்வு மார்ச் 5. விண்ணப்பம் போய்ச் சேர வேண்டியது இந்த வெள்ளிக்கிழமைக்குள். போன ஞாயிறு அந்தத் தாளையும் பயிற்சி நோட்டையும் என்னிடம் நீட்டினாள். "குப்பையில போட்டுடு. சின்ன ரேஸ் நமக்கு வராது. தனியாவே வளந்த உடம்பு இது."

வாங்கிக்கொண்டேன். போடவில்லை.

5

இங்கே கதை எனக்குப் பிடிபடாமல் போகிறது. நான் எழுதிக் கொடுத்த பக்கம்தான் அவளைத் தோற்கடித்தது என்றால், அவள் உடம்பின்மேல் குற்றமில்லை. விண்ணப்பம் போக வேண்டும். பழக்கம்தான் என்றால் நான் தப்பித்தேன், அவள் தப்பவில்லை. அந்த ஒரு சொல்தான் என்றால், பாவம், மஞ்சுநாத் வாய் திறந்ததே...

இதை முடிக்காமல் விடுகிறேன். இன்னொன்றை மறைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பதினான்காம் பக்கத்தில் "பத்து மீட்டர்" என்பதற்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. சின்னது. நோட்டில் நூல் கட்டித் தொங்கும் பென்சிலால் போட்டது. அவளும் அதைத்தான் எடுப்பாள், நானும் அதைத்தான். எதற்கும் ஒரு கேள்விக்குறி போட்டு வைப்பது என் குணம். இது என்னுடையது என்றால், சந்தேகம் வந்தும் புத்தகத்தைத் திரும்பப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். அவளுடையது என்றால், தெரிந்தும் அவள் என்னைக் கேட்கவில்லை. கேட்டால் நான் வருத்தப்படுவேன் என்று விட்டிருக்கலாம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன். ஒரு கேள்விக்குறியிலிருந்து கையெழுத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

அவள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள் என்று ஒரு முடிவு எழுதினேன். அடித்தேன். நோட்டை வாங்கி என் முகத்தில் எறிந்தாள் என்று ஒன்று. அவள் எறிகிறவள் இல்லை, அதையும் அடித்தேன். பக்கத்தைக் கிழித்துவிட்டு நான் பேசாமல் இருந்தேன் என்று ஒன்று. அது மூன்றிலும் நன்றாக வந்திருந்தது. அதனால் பயந்து அதை இரண்டு முறை அடித்தேன்.

வாசிக்கிறவரே, கேள்விக்குறி யாருடையது என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது தெரியும்வரை காத்திருக்க வெள்ளிக்கிழமை விடாது.

நாளை, வியாழன், காலை ஐந்தே முக்கால்: அக்கா வீடு. எடுத்துப்போக வேண்டியவை: நோட்டு (கிழிக்காமல்), விதிப்புத்தகம், விண்ணப்பம், பென்சில். முதலில் பதினான்காம் பக்கத்தைக் காட்ட வேண்டும். அப்புறம், அவள் வந்தால், நான் சைக்கிளில் முன்னால் போக வேண்டும். அவள் என் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி வர வேண்டும். நான் திரும்பிப் பார்க்கக் கூடாது.