சேற்றுப்புண் வந்த செடி

உத்திரமேரூர் பி.டபிள்யூ.டி. பங்களாவில் நான் வாட்ச்மேனாகச் சேர்ந்தது ஐம்பத்தொன்பதாம் வருஷம். சேர்ந்தேன் என்றால் டெம்பரவரி. அதற்கு முன்னால் பெருநகரில் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தேன். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஒன்றாந்தேதி சம்பளம் வாங்கிய ஆள் எங்கள் வம்சத்தில் அதுவரை கிடையாது. வேலை பர்மனென்ட் ஆனால் பங்களாவுக்குப் பின்னால் ஓடு போட்ட வீடும் உண்டு. நானும் என் சம்சாரம் மங்கம்மாவும் இருந்தது கூரை வீடு. மழை வந்தால் வெளியே போய் நிற்போம்; வெளியேதான் கொஞ்சம் குறைவாக நனைவோம்.

ஏரி மதகு வேலைக்காக என்ஜினீயர் கிருஷ்ணசாமி ஐயா பங்களாவில் தங்கியிருந்தார். அவர் வீட்டம்மா பெங்களூரிலிருந்து ஒரு பூந்தொட்டி கொண்டுவந்து ஹாலில் வைத்திருந்தார். கரும்பச்சை இலை, நீளக் காம்பில் வெள்ளைப் பூ. பூவுக்கு ஒரே ஒரு இதழ்தான். பீடி பற்றவைக்கும்போது காற்றுக்குக் கையைக் குவிப்போமே, அந்த மாதிரி குவிந்து, நடுவில் ஒரு திரி. அதற்கு ஏதோ இங்கிலீஷ் பேர் சொன்னார். பேர் என்னிடம் தங்கவில்லை, செடிதான் தங்கியது.

சித்திரைக் கடைசியில் அவர்கள் மகளுக்குப் பிரசவம். இரண்டு பேரும் நாற்பது நாள் பெங்களூருக்குக் கிளம்பினார்கள். அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"இருசப்பா, இது நிழல்ல வளர்ற செடி. ஜன்னல் பக்கம் வை, வெயில் மேல படக்கூடாது. வாரத்துக்கு ஒருதரம் ஈரத்துணியால இலையைத் துடை. தண்ணி மட்டும், மேல் மண் காஞ்சப்புறம் ஊத்து. நான் வரும்போது இது உசுரோட இருந்தா உன் வேலை பர்மனென்ட். ஐயா கிட்ட நானே கையெழுத்து வாங்கித் தரேன்."

"செத்துட்டாம்மா?"

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நாலு நாள் சொன்னபடி செய்தேன். ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால், செடி தொட்டியின் நாலு பக்கமும் இலையைத் தொங்கப்போட்டுக் கள்ளு குடித்தவன் மாதிரி விழுந்து கிடக்கிறது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். நான் கூழ் குடித்துவிட்டு வருவதற்குள் எழுந்து நின்றது. எழும்போது முட்டி சொடுக்குகிற சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது.

அங்கேதான் தப்பு பண்ணினேன். நான் நெல்லோடு வளர்ந்தவன். எங்கள் ஊர் நியாயப்படி, மண்ணைக் காயவிட்டுத் தண்ணீர் காட்டுகிறவன் சோம்பேறி. நடவு வயலில் கணுக்கால் தண்ணீர் நிற்க வேண்டும். பெங்களூர்க்காரர்களுக்கு நெல்லைப் பற்றி என்ன தெரியும், பாவம், என்று நினைத்துக்கொண்டு, பங்களாவில் துணி துவைக்கிற தகர டப்பில் தண்ணீர் ரொப்பித் தொட்டியை நடுவில் இறக்கினேன். மேலுக்கு ஏரி வண்டல் ரெண்டு கை, மாட்டெரு ரெண்டு கை.

பத்து நாளில் டப்புக்குத் தவளை வந்தது. தவளைக்காகக் கொக்கு வந்தது; ஐயாவின் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் ஒற்றைக்காலில் நிற்கும். அடுத்ததாக, ஏரித் தண்ணீரை வயல் வயலாகப் பங்கிட்டு விடுகிற நீர்க்கட்டி வரதன் வந்தான்.

"இன்னா இருசப்பா, உள்ள பாசனம் நடக்குதாமே?"

"பூச்செடிப்பா இது."

"தண்ணி நிக்குது, தவள கத்துது, கொக்கு மேயுது. அப்ப வயலுதான். அறுப்பு அன்னிக்கு எனக்குண்டான கதிரை மறந்துடாத."

போகும்போது கொக்குக்கு வழிவிட்டுப் போனான்.

இருபதாம் நாள் செடி மறுபடி தலையைத் தொங்கப்போட்டது. ரெண்டு குடம் ஊற்றிவிட்டுப் போய்க் கூழ் குடித்துவிட்டு வந்தேன். எழவில்லை. இன்னொரு தரம் கூழ் குடித்துவிட்டு வந்தேன். அப்போதும் எழவில்லை. அன்றைக்கு ஐந்து தரம் கூழ் குடித்தேன். கடைசியில் நான்தான் எழ முடியாமல் கிடந்தேன்.

அடுத்த வாரம் இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகிக் காம்போடு கையில் வந்தன. பூ கறுத்துச் சாய்ந்தது. இருபத்திரண்டு இலையில் ஏழு மிச்சம். அந்தச் சமயம் பார்த்து அம்மாவிடமிருந்து கார்டு வந்தது. தபால்காரர் படித்துச் சொன்னார்: மகளுக்கு ஆண் குழந்தை, அடுத்த வாரம் விட்டு அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வருகிறோம், செடி சௌக்கியமா?

மங்கம்மா சொர்ணவாரிப் பட்டத்து நெல் நடவுக்குப் போய்விட்டு அன்று சேற்றுக் காலோடு பங்களாவுக்கு வந்தாள். ஹாலுக்குள் நுழைந்ததும் மூக்கைச் சுளித்தாள்.

"இன்னாய்யா நாத்தம் இது?"

"எரு."

"எரு இல்ல. இது என் காலு நாத்தம்."

பாதத்தைத் தூக்கிக் காட்டினாள். பதினைந்து நாள் சேற்றில் நின்று நட்ட கால். விரலிடுக்கெல்லாம் வெளுத்து, தோல் உரிந்து, சேற்றுப்புண்.

"மோந்து பாரு."

பார்த்தேன். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அது ஒன்றுதான் பாக்கியிருந்தது. அப்புறம் தொட்டியை மோந்தேன். அதே நாற்றம்.

"அதுக்கும் சேத்துப்புண்ணுய்யா. ராவும் பகலும் தண்ணியிலயே நிக்க வச்சிக்கினு கீற. நானாவது பொழுது சாஞ்சா கரை ஏறுறேன். அது எங்க ஏறும்?"

"வாடுதேன்னுதானமே ஊத்தனேன்!"

"வேரு அழுவிப்போனா எப்டிக் குடிக்கும்? தண்ணியில நின்னுக்கினே தாகத்துல சாவுது. காஞ்சப்புறம் ஊத்துன்னு அந்தம்மா தமிழ்லதான சொன்னாங்க? பெரிய மிராசுதாரு, டப்புல சாகுபடி பண்ண வந்துட்டாரு."

தொட்டியைக் கவிழ்த்துச் செடியை உருவினாள். வேர் கறுத்து, தொட்டாலே கூழாக வந்தது. கதிர் அரிவாளால் கறுத்ததையெல்லாம் அறுத்தாள். வெள்ளையாய்க் கெட்டியாய் நின்ற வேர் ஒரு பிடிதான். அதை அலசி, தன் காலுக்கு அரைத்து வைத்திருந்த மருதாணியில் பாதியை வெட்டுவாயில் பூசினாள். மீதியைத் தன் விரலிடுக்கில் வைத்துக்கொண்டாள். அன்று முழுக்க ரெண்டு பேரும், அவளும் செடியும், சுவரோரமாகக் காலை நீட்டிக்கொண்டு காய்ந்தார்கள்.

சாயங்காலம் தொட்டியின் அடியில் ஓட்டுச்சில்லு போட்டு, செய்யாற்று மணலும் மக்கின இலையும் கலந்து நட்டாள்.

"வெரலை வுட்டுப் பாரு. ரெண்டு கணு ஆழம் காஞ்சாத்தான் ஒரு சொம்பு. அதுக்கு முன்னால சொம்பத் தொட்ட, அருவா என் கையிலதான் கீது."

டப்பைக் கவிழ்த்தோம். தவளை தானாகப் போயிற்று. கொக்கு மட்டும் ரெண்டு நாள் காத்திருந்து பார்த்துவிட்டு, பெருநகர் பஸ்ஸின் மேலே ஏறிப் போயிற்று. டிக்கெட் வாங்கியதா என்று நான் பார்க்கவில்லை.

ஏழு இலையில் மூன்று போயின, நாலு நின்றன. நடுவில் சுருட்டின குருத்து ஒன்று தலை நீட்டியது. சொம்பைத் தொட எனக்குப் பயம். வெள்ளிக்கிழமை காலை வாசலில் கார் வந்து நிற்கவும், உள்ளே நாலு இலையும் தொப்பென்று படுக்கவும் சரியாக இருந்தது.

"ஐயோ இருசப்பா, செத்துப்போச்சா?" என்றார் அம்மா.

பங்களாவுக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீடு என் கண்ணெதிரே ஓடு ஓடாகக் கழன்றது.

மங்கம்மா வந்து மண்ணில் விரலை விட்டாள். ரெண்டு கணுவும் காய்ந்திருந்தது. ஒரு சொம்பு ஊற்றினாள், ஒரு சொட்டு கூட அதிகமில்லை.

"உக்காருங்கம்மா. சமையக்காரர் கிட்ட காபி போடச் சொல்லிக்கீறேன். குடிக்கறதுக்குள்ள எழுந்துக்கும்."

"காபிக்கும் செடிக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் ஐயா.

"கொஞ்சம் மெதுவா குடிங்க ஐயா."

முதல் டம்ளரில் ஒரு இலை அசைந்தது. ரெண்டாவது டம்ளர் முடியும்போது நாலு இலையும் விறைப்பாக எழுந்து நின்றன. ஐயா பழக்கதோஷத்தில், "பரவாயில்லை, உட்காரலாம்" என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. "இருபத்திரண்டு இலை விட்டுட்டுப் போனேனே?"

நான் எலி, வெட்டுக்கிளி என்று ஆரம்பிப்பதற்குள் மங்கம்மா டப்பு, தவளை, கொக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். காலையும் காட்டினாள். அம்மா குனிந்து அந்தக் காலைப் பார்த்தார்.

"உசுரோட இருந்தா பர்மனென்ட்னு சொன்னேன். சொன்னது சொன்னதுதான்," என்றார். "ஆனா உசுரோட வச்சது யாரு?"

ஐயா பேனாவைத் திறந்து பேரைக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

"மங்கம்மா," என்றாள் அவள்.

ரெண்டு மாசத்தில் ஆர்டர் வந்தது. பங்களா தோட்டக்காரி, பர்மனென்ட். ஓட்டு வீட்டுக்குள் நான் அவள் புருஷன் என்கிற முறையில் போனேன். அவள் அப்புறம் நடவுக்குப் போகவில்லை, கால் ஆறிவிட்டது. நான் டெம்பரவரியாகவே இருந்து டெம்பரவரியாகவே ரிட்டையர் ஆனேன்.

அந்த வருஷம் ஆவணியில் செடி பூத்தது. வெள்ளைப் பூவின் ஓரம் முழுக்க மருதாணிச் சிவப்பு. மங்கம்மாவைக் கேட்டால் அப்படியெல்லாம் இல்லை என்பாள். பர்மனென்ட் உத்தியோகத்தில் இருந்தவர்கள் எதையும் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.