தின்னுட்டேன், இப்ப என்னாங்கற?

மருதாயி வரைந்த ஆட்டுக்குக் கொம்பு கிடையாது. முதலில் கொம்பு வைத்துத்தான் வரைந்தாள். ஒரு படத்தில் நெற்றியில் இருக்கிற கொம்பு அடுத்த படத்தில் காதுக்குப் போயிருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் பேய் பிடித்தது போலக் கொம்பு தலையைச் சுற்றி வந்தது. செல்போன் கண்ணாடியில் விரலால் வரைகிற வேலை. செங்கல்லும் கலவையும் தூக்கிக் காய்த்துப்போன விரல். அதற்கு மேல் அதனால் முடியவில்லை. “போ சனியனே, ஒனக்குக் கொம்பே வேணாம்” என்று அழித்துவிட்டாள். அப்படிப் பிறந்தவன்தான் மோழையன். கொம்பில்லாத ஆட்டை அந்தப் பக்கத்தில் மோழை என்பார்கள்.

அவள் வாக்கப்பட்ட ஊர் கல்லோடை. அரியலூருக்குப் பக்கம், சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோட்டின் மேலேயே இருக்கிற ஊர். இருபது வருடமாகச் சித்தாள் வேலை. சாரம் சரிந்து விழுந்து கால் முறிந்து வீட்டோடு கிடந்த சமயத்தில்தான் இந்தக் கிறுக்குப் பிடித்தது. பெரியவர்களுக்கென்று பள்ளிக்கூடத்தில் நடந்த சாயங்கால வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்று, பஸ் போர்டைப் படித்துப் பழகியவள் அவள். ‘வீட்டில் இருந்தபடியே கார்ட்டூன் போட்டுச் சம்பாதிக்கலாம்’ என்று செல்போனில் வந்த தலைப்பை எழுத்தெழுத்தாகப் படித்தாள். படித்த பாவத்துக்கு அந்த வீடியோவையும் பார்த்தாள். ஒரே மாதத்தில் கார் வாங்கலாம் என்றான் அதில் பேசியவன். அது புளுகு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஒரு படம் வரைந்து, அதையே துளி நகர்த்தி அடுத்த படம் வரைந்து, வரிசையாக ஓட்டினால் ஆடு நடக்கும் என்றானே, அது புளுகு இல்லை. நடந்தது.

வரிசை மேல் வரிசையாகச் செங்கல் ஏறுவது போன்ற வேலைதான். முந்தின படம் புகை மாதிரி அடியில் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே அடுத்ததை வரைய வேண்டும். ஆடு ஒரு வாசலைத் தாண்ட ஒரு பொழுது ஆகும்.

மோழையனுக்குக் குரல் கொடுத்தது அவள் புருசன் வீரமணி. லாரி டிரைவர். ஊரில் அவன் வாயிலிருந்து “சரிங்க” என்பதைத் தவிர வேறு வார்த்தையை யாரும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவன் ஒருநாள் சோறு தின்றுகொண்டே விளையாட்டாக ஆடு மாதிரி பேசினான். மருதாயி பிடித்துக்கொண்டாள். அட்டைக் கூரை வீட்டில் குரல் எதிரொலிக்கிறது என்று, போர்வையைத் தலையோடு போர்த்தி உட்கார வைத்துப் பேச விடுவாள். உள்ளே வேர்த்து வழியும். “ஆடு ஆவறதுக்குள்ள அவிஞ்ச கறியா ஆயிருவன் போலருக்கு” என்பான்.

கதை பெரிய கதையில்லை. மோழையன் எதையாவது தின்றுவிடும். பக்கத்து வீட்டுப் புடவை, பஞ்சாயத்து நோட்டீசு, மாப்பிள்ளையின் செருப்பு. ஆட்டுக்காரி விளக்குமாறோடு வருவாள். “ஏ மோழையா, எங்கடா செருப்பு?” ஆடு வாயை அசைபோட்டபடி நிமிர்ந்து பார்த்து, “தின்னுட்டேன், இப்ப என்னாங்கற?” என்று கேட்கும். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் கூட்டம். டவுன் பஸ்ஸில் சில்லறை கேட்டால் கண்டக்டர், “தின்னுட்டேன், இப்ப என்னாங்கற?” என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

சேனலில் ஆயிரம் பேர் சேர்ந்து, இத்தனை மணி நேரம் பார்த்திருக்க வேண்டும் என்கிற கணக்கெல்லாம் முடிந்து, விளம்பரம் ஓடிக் காசு கைக்கு வரும்போது கால் கூடிப்போய் அவள் மறுபடி கலவைச் சட்டி தூக்கிக்கொண்டிருந்தாள். முதல் காசில் கேஸ் சிலிண்டர் வந்தது. “ஆடு வாங்கிக் குடுத்த சிலிண்டரு, பாத்து வையி, அடுப்பத் தின்னுரப் போவுது” என்றான் வீரமணி.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தர்மன் வந்து வாசலில் காரை நிறுத்தினார். வீரமணி ஓட்டுகிற லாரி அவருடையது. அந்த ரோட்டில் ஓடுகிற லாரியில் பாதி அவருடையது.

“வாங்க ஓனரே” என்று வீரமணி துண்டை இடுப்புக்கு இறக்கினான். மருதாயி பிளாஸ்டிக் சேரைத் துடைத்துப் போட்டாள்.

“ஒக்கார வரல. ஆடு எங்க?” என்று சிரித்தார் தர்மன். “ஏம்மா, எம் பேத்தி சோறு திங்கணும்னா ஓன் ஆட்டக் காட்ட வேண்டியிருக்கு. வர்ற மாசம் ஹாலோ பிளாக் கம்பெனி தொறக்குறேன். ஓன் ஆட்ட வச்சு வெளம்பரம் ஒண்ணு போடு. ‘தர்மன் கல்லு, தின்னா பல்லு போயிரும்’னு ஆடு சொல்லணும். மாசத்துக்கு ஒண்ணு போடு. ஆடு இப்பக் குடுக்கறதப் போல நாலு பங்கு நான் தரேன்.”

கும்பிடப் போன சாமி குறுக்கே வந்தது போல இருந்தது இருவருக்கும். வீரமணி “சரிங்க” என்று வாயெடுத்தான்.

“ஒண்ணே ஒண்ணு. மரத்துக்கெல்லாம் பச்ச அடிச்சுரு.”

“எந்த மரத்துக்குங்க?” என்றாள் மருதாயி.

“நடிக்காதம்மா. மரத்துக்கு மரம் சாம்பக் கலருல தீத்தி வச்சிருக்க. படத்துல அந்த ஆட்டுக்காரி தழைய ஒடிக்கிறா, தரையில ரெண்டு அடி அடிச்சு அப்பறம் ஆட்டுக்குப் போடறா. ‘எதுக்கு அந்தம்மா தழைய அடிக்குது, சாமி வழக்கமா’ன்னு ஒருத்தன் கீழ எழுதிக் கேக்கறான். ‘இல்ல அண்ணே, லாரி ஓடற ஊரு’ன்னு இன்னொருத்தன் பதில் போடறான். அதுக்கு எத்தன பேரு கைதட்டியிருக்கான் பாத்தியா? எம் பொழப்பக் காட்டிக் குடுத்து ஓன் பொழப்ப நடத்துறியா?”

“சத்தியமா அப்படி நெனச்சுப் போடலீங்க.”

“நெனைக்கலல்ல? அப்ப மாத்திரு. பழசுலயும் மாத்திரு.”

“போட்டதுல மாத்த முடியாதுங்க. அழிச்சாத்தான் உண்டு. அழிச்சா பாத்த ஆளுங்க கணக்கும் அதோட போயிரும்.”

“போனாப் போவட்டும், நான் குடுக்கறேங்கறேன்ல.” காரில் ஏறியவர் வீரமணியைப் பார்த்துச் சொன்னார். “சொல்லிப் புரிய வையிப்பா. புரியலன்னா வண்டி ஓட்ட ஆளா இல்ல எனக்கு?”

கார் போன புழுதி அடங்கியதும் மருதாயி செல்போனை எடுத்துத் தன் வீடியோவைத் தானே பார்த்தாள். நிசந்தான். வேம்பு சாம்பல், புளி சாம்பல், வேலியோரக் கிளுவை சாம்பல். இலை என்று நினைத்ததும் கை தானாகவே அந்தக் கலருக்குப் போயிருக்கிறது. தழையைத் தரையில் அடிப்பதும் அப்படித்தான். லாரிப் புழுதியை உதறாமல் போட்டால் ஆடு மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அந்த ஊரில் தழை ஒடிக்கிற எவளும் அடிக்காமல் போட மாட்டாள். இதில் என்ன காட்டிக் கொடுத்தோம் என்று அவளுக்கு விளங்கவில்லை.

அந்த வாரம் பெரம்பலூருக்கு அந்தப் பக்கம் பிறந்த வீட்டில் காதுகுத்து. அரியலூரில் பஸ் ஏறி சன்னலோரம் உட்கார்ந்தாள். எத்தனையோ தரம் போன ரோடுதான். ஆனால் இந்தத் தடவை மரத்தைப் பார்த்துக்கொண்டே போனாள். பேரளி தாண்டி ஒரு வேப்பமரம் வந்தது. பச்சையென்றால் அப்படி ஒரு பச்சை. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். அதற்கடுத்த மரமும் அப்படியே. வெங்காயக் காடு, சோளக் காடு எல்லாம் பச்சை. பிறந்த ஊரில் இறங்கியதும் வேலியில் ஒரு தழையை ஒடித்துப் பழக்கத்தில் தரையில் அடித்தாள். ஒன்றும் பறக்கவில்லை. தம்பி பெண்டாட்டி சுகன்யா பார்த்துவிட்டு, “ஏன் அண்ணி, தழை என்ன தப்புப் பண்ணுச்சு, அத அடிக்கிறீங்க?” என்று கேட்டாள்.

மருதாயிக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருடத்தில் இலையின் கலரே மறந்துபோயிருக்கிறது. சோறு மறந்தால்கூடப் பரவாயில்லை. இலை எந்தக் கலர் என்று ஒருத்திக்கு மறக்குமா? அதை மறக்கடித்தவர் வாசலில் வந்து நின்று பச்சை அடி என்கிறார். மரத்துக்கு அடிக்க வக்கில்லை, படத்துக்கு அடிக்கச் சொல்கிறார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் முகத்தைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரி கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சண்டைதான்.

“பச்ச அடிச்சா என்ன கொறஞ்சா போயிருவ?” என்றான் வீரமணி. “கலருதான. அமுக்குனா மாறப் போவுது.”

“அப்ப ஓனரு மரத்துல அமுக்கி மாத்தட்டும்.”

“ஏ புள்ள, எனக்கு இந்த வண்டிய வுட்டா வேற நாதி இல்ல. ரோட்டுல நிக்கணும்.”

“இப்ப மட்டும் எங்க நிக்கிறோம்? ரோட்டுலதான குடியிருக்கோம். குடிக்கிற கொடத்துல துணியக் கட்டித்தான தண்ணி ஊத்துறேன்.”

“நீ என்னமோ பண்ணு. நான் கொரலு குடுக்க மாட்டேன். ஆடு பேசாது, ஆமா.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். உதறிய துண்டிலிருந்தும் புழுதி பறந்தது.

மருதாயி விளம்பரத்தை வரையவில்லை. வேறொன்றை வரைந்தாள். வேலைக்குப் போய்வந்து, சோறு ஆக்கிவிட்டு, இடுப்பு வலியோடு சுவரில் சாய்ந்து, இரண்டு வாரம் வரைந்தாள்.

அதில் மழை பெய்து மரம் கழுவிவிட்டது போல நிற்கும். இலைக்குப் பச்சை அடித்திருந்தாள். ஓனர் சொன்னபடியேதான், பேரளி தாண்டிப் பார்த்த அதே பச்சை. மோழையன் மரத்தடியில் ஆசையோடு அண்ணாந்து நிற்கும். ஒரு லாரி போகும். மரத்தில் நாலு இலை வெளுக்கும். இன்னொரு லாரி போகும். ஒரு கிளை வெளுக்கும். ஒவ்வொரு இலையாக, ஒவ்வொரு படமாக வெளுக்க வைத்தாள். கடைசியில் மரமே சிமிண்டு மூட்டை நிறத்துக்கு வந்துவிடும். ஆட்டுக்காரி விளக்குமாறோடு ஓடி வருவாள். “ஏ மோழையா, மரத்துல இருந்த பச்ச எங்கடா? நீதான தின்ன?” ஆடு பேசாது. தலையை மட்டும் ரோட்டுப் பக்கம் திருப்பும். அங்கே நிற்கிற லாரி ஆரனை அடித்துவிட்டுச் சொல்லும். “தின்னுட்டேன், இப்ப என்னாங்கற?”

லாரிக்கு மருதாயியே குரல் கொடுத்தாள். கலவை மிஷின் பக்கத்தில் கத்திக் கத்தி உடைந்த தொண்டை அதற்குப் பொருத்தமாகவே இருந்தது.

போட்ட மறுநாளே பற்றிக்கொண்டது. அரியலூர், செந்துறை, ஜெயங்கொண்டம் என்று எங்கெங்கோ இருந்து, ‘இது எங்க ஊரு மரம்’, ‘எங்க ரோடு’ என்று எழுதினார்கள். கூடவே எல்லாரும் ஒன்றைக் கேட்டார்கள். ‘மோழையன் ஏன் பேசல?’

அதே கேள்வி கல் லோடுக்கு வரிசையில் நிற்கும்போது வீரமணியையும் வந்து பிடித்தது. கூட நின்ற டிரைவர்கள் விடவில்லை. “என்னண்ணே, ஆட்டுக்குத் தொண்ட கட்டிக்கிச்சா?” என்றான் ஒருவன். “கட்டல தம்பி, கட்டிப் போட்டுட்டாங்க” என்றான் கொளஞ்சி, அவர்களில் மூத்த டிரைவர். “இவன் வூட்டுல லாரிக்குக்கூட வாய் இருக்கு. ஆட்டுக்குத்தான் இல்ல.” எல்லாரும் சிரித்தார்கள். வீரமணியும் சேர்ந்து சிரித்தான். வீட்டுக்கு வந்தபின் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

தர்மன் வர இரண்டு நாள்கூட ஆகவில்லை. இந்தத் தடவை ஆடு எங்கே என்று கேட்கவில்லை. காரை விட்டு இறங்கிய வேகத்தில் கதவைக்கூடச் சாத்தவில்லை. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் தண்ணீர்க் குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

“எவ்வளவு திமிரு இருந்தா என்னைய லாரியா வரைவ?”

“லாரின்னுதான் வரைஞ்சேன் ஓனரே. ஒங்க பேரு எழுதலியே. நீங்களா வந்து ஏறிக்கிட்டா நான் என்ன பண்றது?” என்றாள் மருதாயி. கலவைச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவள் எழுந்திருக்கவில்லை.

“அழிக்கச் சொன்னத அழிக்கல. வெளம்பரம் கேட்டதுக்கு இப்படி ஒண்ணு. இப்ப எம் முன்னாடி அழி.”

“அழிக்க மாட்டேன். பச்ச அடிக்கச் சொன்னீங்க, அடிச்சேன். அது நிக்கலன்னா எங்கிட்டயா கேப்பீங்க? ரோட்டுல தண்ணி அடிங்க, லாரிக்குத் தார்ப்பாய் கட்டுங்க. மரம் பச்சையாச்சுன்னா நானும் பச்சையா வரையறேன். எனக்கு என்ன, ரெண்டும் ஒரே அமுக்குதான்.”

கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள். தர்மன் அவளை விட்டுவிட்டு வீரமணி பக்கம் திரும்பினார். அவன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். லாரிச் சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது.

“ஓம் பொண்டாட்டிகிட்ட எனக்கென்ன பேச்சு. அழிக்கச் சொல்லு. இல்லன்னா சாவியக் குடு.” கையை நீட்டினார். “எங்க சாவி?”

வீரமணி மருதாயியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, சட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் தேய்க்கிற கை நின்றிருந்தது. எத்தனையோ வருடமாகச் “சரிங்க” என்று சொன்ன வாய் அது. இப்போதும் அதற்குத்தான் திறக்கிறது என்று எல்லாரும் நினைத்தார்கள். அவன் தாடை மெதுவாக இப்படியும் அப்படியும் அசைந்தது, எதையோ மெல்வது போல.

“தின்னுட்டேன்” என்றது மோழையன். “இப்ப என்னாங்கற?”

குழாயடியிலிருந்து கிளம்பிய சிரிப்பு வீட்டுக்கு வீடு தாவிக்கொண்டு போனது. தர்மன் ஏதோ கத்தினார். என்னவென்று யாருக்கும் கேட்கவில்லை. சிரிப்பு கொஞ்சம் ஓய்ந்ததும் வீரமணி சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, காரின் முன்பக்கம் படிந்திருந்த புழுதியின் மேல் வைத்தான். “இந்தாங்க ஓனரே, வண்டி ரோட்டோரம் நிக்குது” என்றான் சொந்தக் குரலில்.

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அதோடு லாரி வேலையும் போய்விட்டது. ஆடு சம்பாதிப்பது அரிசிக்கு ஆகும், அதற்கு மேல் ஆகாது. அது இருவருக்கும் தெரியும். மருதாயி சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். திரும்பி வரும்போது ஒரு கையில் செல்போன் இருந்தது, இன்னொரு கையில் போர்வை.

“இந்தாய்யா, உள்ள வா. அப்ப ரெக்காடு போடல. அதே மாதிரி இன்னொரு தரம் சொல்லு.”