நிமிடத்துக்கு ஒன்பது சொற்கள்

என் மகள் ஒரு நிமிடத்தில் ஒன்பது சொற்கள் வாசித்தாள் என்று பள்ளியிலிருந்து வந்த தாளில் இருந்தது. மூன்றாம் வகுப்புக்கு நாற்பத்தைந்து சொற்கள் வேண்டுமாம். ஒன்பதுக்கு எதிரே 'எழுத்தறி நிலை' என்று அச்சாகியிருந்தது. பிள்ளை இன்னும் எழுத்துக் கூட்டவே பழகவில்லை என்பதைத்தான் அப்படி நாசூக்காகச் சொல்லியிருந்தார்கள்.

வீட்டில் அவளைக் கடுகு என்றுதான் கூப்பிடுவோம். பிறந்தபோது அவ்வளவு பொடியாக இருந்தாள். சோப்பு உறையிலிருந்து பேருந்தின் முதுகு வரை கண்ணில் படுகிற எழுத்து எதையும் அவள் விட்டுவைப்பதில்லை. 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்று மருந்துப் புட்டியில் படித்துவிட்டு, அந்தப் புட்டியையே கையில் எடுத்துக்கொண்டு வந்து, இதை எங்கே வைக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டவள்.

ஆனால் வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் திக்குவாள். முதல் எழுத்திலேயே மூச்சு முட்டி நின்றுவிடும். அது என்னிடமிருந்து போனது. நானும் திக்குகிறவன்தான். மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் பதினெட்டு வருடமாக லென்ஸ் தீட்டுகிறேன். வருகிறவர்களிடம் பேச முன்னால் முதலாளி இருக்கிறார். மெஷின் இரைச்சலில் என்னிடம் யாரும் பேச வருவதில்லை. இந்த வேலையை நான் பிடித்துக்கொண்டதே அதற்காகத்தான்.

"டெஸ்ட்ல என்னம்மா ஆச்சு?" என்று கடுகிடம் கேட்டேன். அவளிடமும் என் மனைவியிடமும் எனக்கு அவ்வளவாகத் திக்காது.

"டேப்லெட் வச்சுக்கிட்டு ஒரு அக்கா வந்தாங்கப்பா. நல்ல அக்காதான். படின்னாங்க. மூணாவது வார்த்தை தவளை. 'த'வுலயே மாட்டிக்கிச்சு. அப்புறம் ஆறு வார்த்தை ஓடுச்சு. மணி அடிச்சிருச்சு."

"மிச்சத்தைப் படிக்கலையா?"

"படிச்சேனே. 'த'வுல மாட்டினப்பவே மனசுக்குள்ள முழுசும் படிச்சுட்டேன். தவளை கிணத்துல விழுந்துரும். அப்ப மேல இருந்து ஒரு வாளி வரும். அதுல ஏறலாமா வேணாமான்னு யோசிக்கும். வாளி யாருதுன்னு தெரியாதுல்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "திங்கக்கிழமையில இருந்து நான் ஒண்ணாப்புப் பசங்களோட உக்காந்து அ, ஆ எழுதணுமாம்."

தாளின் பின்பக்கம் அதுவும் இருந்தது. எழுத்தறி நிலையில் உள்ளவர்களுக்கு முதல் இரண்டு பாடவேளையும் தனி வகுப்பு, மூன்று மாதத்துக்கு.

நான் என் மனைவியிடம், போகட்டும் விடு, மூன்று மாதம்தானே என்றேன். சின்ன வயதிலிருந்து நான் செய்துவருவது இதுதான். யாராவது என்னை முட்டாள் என்று நினைத்தால், இல்லை என்று சொல்ல எடுக்கும் பாடு பெரியது. நினைத்துவிட்டுப் போகட்டும் என்று நகர்ந்துவிடுவேன்.

அவள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறாள். கையைத் துடைத்துக்கொண்டே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, டியூப்புல ரத்தம் உறைஞ்சு போச்சுன்னா அதுல வர்ற ரிசல்ட் தப்பா இருக்கும். நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா? மறுபடி எடுப்போம். தப்பான ரிசல்ட்ட நோயாளி தலையில கட்டி, இந்தா மருந்தக் குடின்னு சொல்ல மாட்டோம். அவங்க பாத்தது இவ படிப்பை இல்ல, இவ வாயை."

மறுநாள் பணிக்குப் போகும் வழியில் என் மனைவி கடுகின் வகுப்பு ஆசிரியையைப் பார்த்தாள். ஆசிரியை கையைப் பிசைந்தாராம். "எனக்குத் தெரியாதாம்மா? என் கிளாஸ்லயே எழுத்துப் பரீட்சையில இவதான் முதல். ஆனா டெஸ்ட் வெளியாளுங்க எடுக்கறது. நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தைங்கறதுதான் கணக்கு. விதி அப்படி."

"அந்த விதி எங்க எழுதியிருக்கு டீச்சர்?"

"கையேடு ஒண்ணு குரூப்ல வந்துச்சு. பொய் சொல்லக் கூடாது, நான் திறந்து பாக்கல."

என் மனைவி அதைத் தன் கைபேசிக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டாள். நாற்பத்தாறு பக்கம். ரத்த மாதிரிகள் மெஷினில் சுற்றும் இடைவெளிகளில் ஒரு பக்கம் விடாமல் படித்திருக்கிறாள். மாலை வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் முப்பத்தோராம் பக்கத்தைக் காட்டினாள். பேச்சுத் தடை உள்ள மாணவர்களுக்கு நிமிடக் கணக்கு பொருந்தாது; பத்தியை மனதுக்குள் வாசிக்கச் செய்து ஐந்து கேள்விகளுக்கு எழுத்தில் விடை பெற வேண்டும். அவ்வளவு தெளிவாக இருந்தது.

"வாசிக்கத் தெரியுமான்னு பாக்க வந்தவங்க, இதை வாசிக்காம வந்திருக்காங்க" என்றாள்.

ஆனால் மதிப்பெண் ஏற்கெனவே கணினியில் ஏறிவிட்டது. மறுதேர்வு வேண்டுமென்றால் கல்வி அலுவலகத்தில்தான் திறந்துவிட வேண்டும், வெள்ளிக்கிழமை நான்கு மணியோடு அதற்கும் பூட்டு விழும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை என் மனைவியோடு வேலை செய்பவர் விடுப்பு. கூடத்தைப் பூட்டிவிட்டு அவளால் வர முடியாது.

"நீங்க போயிட்டு வாங்க" என்றாள்.

அன்று இரண்டு முறை எழுதிக் கிழித்து, மூன்றாம் முறை ஒரு விண்ணப்பம் எழுதினேன். கொடுத்துவிட்டு, கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம் என்பது என் திட்டம்.

அலுவலகத்தில் நீளமான பெஞ்சு ஒன்று. எனக்கு முன்னால் ஏழு பேர். என் முறை வந்தபோது மணி மூன்றேகால். அலுவலர் ஐம்பதைத் தாண்டிய அம்மாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விண்ணப்பத்தைக் கையை நீட்டி எட்டப் பிடித்துப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் கிட்டத்து எழுத்துத் தெரியாத கண் என்று என் தொழில்புத்தி சொன்னது. இரண்டு வரி பார்த்திருப்பார். ஏற்கெனவே குவிந்திருந்த தட்டில் அதைப் போட்டார்.

"பாத்துட்டுச் சொல்றோம். அடுத்த வாரம் வாங்க."

பெஞ்சில் எனக்குப் பின்னால் இருந்தவர் எழுந்துவிட்டார். என் கால் வாசல் பக்கம் திரும்பியது உண்மை. திரும்பிய காலை நானே இழுத்து நிறுத்தினேன்.

"ம... ம..." என்றேன்.

"மனுதானே? வாங்கிட்டேனே."

தலையை ஆட்டினேன். "ம... ம..."

"மன்னிக்கணுமா? எதுக்கு?"

"கொ... கொஞ்சம் இருங்க மேடம். நா... நானே சொல்றேன்."

பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார். காது சூடாகிவிட்டது. கழுத்து நரம்பு புடைத்து, வாய் கோணிக்கொண்டு போவது எனக்கே தெரிந்தது. வழக்கமாக இந்த இடத்தில்தான் நான் திரும்பி ஓடுவேன். அன்று மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மறுதேர்வு. எ... என் பொண்ணுக்கு. இன்னிக்கு நாலு மணிக்குள்ள."

முப்பத்தோராம் பக்கத்தின் நகலை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இந்த ஒரு வ... வரி சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு நீங்களே பாத்தீங்க. அதை வச்சு, எ... எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு எழுதுவீங்களா?"

அவர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். அந்தப் பக்கத்தை முழுதாகப் படித்தார். பிறகு இன்னொரு முறை படித்தார்.

"இந்தப் பக்கத்தை நான் பாத்ததில்ல" என்றார் மெல்ல. "உக்காருங்க சார்."

கணினி மெதுவாகத் திறந்தது. கடுகின் பள்ளியைத் தேடி, வகுப்பைத் தேடி, எண்ணைத் தேடிப் பிடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. மூன்று ஐம்பதுக்கு அவர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு மறுதேர்வு. கிளம்பும்போது, "இதே மாதிரி வேற பிள்ளைங்களும் இருப்பாங்கல்ல" என்றார். என்னிடம் கேட்டாரா, தனக்குத்தானே சொன்னாரா தெரியவில்லை. அந்த நகலை அவர் திருப்பித் தரவில்லை.

வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என் மனைவிக்குப் போன் செய்து, "ஆச்சு" என்றேன்.

திங்கட்கிழமை அதே அக்காதான் வந்தாளாம். நாங்கள் வாசலில் நின்றோம். புதுப் பத்தி கொடுத்தார்கள், யானையும் தையல்காரனும் வருகிற கதை. ஐந்து கேள்விக்கு நான்கு சரி. ஐந்தாவதில், தையல்காரன் ஏன் வருந்தினான் என்ற கேள்விக்கு, 'அவன் வருந்தியதாகக் கதையில் இல்லை, நீங்களாகச் சொல்கிறீர்கள்' என்று எழுதியிருக்கிறாள். அதற்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. இருந்தாலும் மொழியில் வகுப்புக்கேற்ற நிலை என்று வந்துவிட்டது. தனி வகுப்பு இல்லை.

புதுத் தாளில் அதற்கு அடுத்த வரியில் கணக்கு இருந்தது. பத்துக்கு மூன்று. முதல் தாளிலும் அதே மூன்றுதான் இருந்திருக்கிறது. ஒன்பது சொற்களின் மேல் இருந்த கோபத்தில் நாங்கள் இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

"கணக்குக்கும் ஆபீஸ் போவியாப்பா?" என்று கேட்டாள் கடுகு. குரலில் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது.

"போக மாட்டேன்."

"ஏன்?"

"அது எழுதிப் போட்ட கணக்கு. அதுல உன் வாய் குறுக்க வரல. அது உன்னோட மார்க்குதான்."

அவள் முகம் சுருங்கிவிட்டது. என் மனைவி பள்ளியில் கேட்டு அந்தக் கணக்கு விடைத்தாளை வாங்கிப் பார்த்தாள். ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால் முப்பத்தைந்து என்று கடுகு எழுதியிருந்தாள். இரண்டில் ஏழு போகாது என்றதும், ஏழில் இரண்டைக் கழித்துவிட்டு நடையைக் கட்டியிருக்கிறாள். கழித்தல் எல்லாவற்றிலும் இதே குறுக்குவழி.

"பெருசுல இருந்து சின்னதத்தானே கழிக்கணும்? மிஸ் சொன்னாங்க" என்றாள்.

"முழுசாப் பாத்தா பெரிய எண் மேலதான் இருக்கு. வா, காட்டறேன்" என்றாள் அவள் அம்மா.

அன்று மாலை வீட்டுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்தோம். தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் போட்டுக் கட்டினேன். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. இருபத்தேழில் முதலில் ஏழு குச்சி எடு என்றால் இரண்டை எடுத்துவிட்டு முழித்தாள். பிறகு தானாகவே ஒரு கட்டின் ரப்பரைக் கழற்றினாள். குச்சிகள் தரையில் உருண்டன. எண்ணினாள், விட்டாள், மறுபடி எண்ணினாள், இரண்டு கட்டைத் தள்ளி வைத்தாள். இருபத்தைந்து என்று எழுதிவிட்டு, சரியா என்று யாரையும் கேட்காமல் அடுத்த கணக்குக்குப் போனாள்.

எட்டுக் கணக்குப் போட்டோம். ஐந்து சரி. நாளைக்குப் பத்து என்று முடிவு செய்துகொண்டு எழுந்தோம்.